48 வோல்ட் பொத்தானுக்குப் பின்னால்: மைக் ப்ரீஆம்பின் ஃபேண்டம் பவர் சுற்று

ஆடியோ இன்டர்ஃபேஸோ சிறிய மிக்ஸரோ முதல்முறையாக வாங்குகிறவர்களுக்கு ஒரே நாளில் எல்லாம் பழகிவிடும், ஒரு பொத்தானைத் தவிர. ‘+48’ என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு விளக்கும் வைத்திருப்பார்களே, அதுதான். மைக் கேபிள் வழியாகவே மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் அனுப்பும் பொத்தான் அது; அந்த மின்சாரத்துக்குப் பெயர் ஃபேண்டம் பவர். அதை அழுத்தினால்தான், ஓட மின்சாரம் வேண்டியிருக்கும் கண்டென்சர் மைக் வேலை செய்யும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அழுத்தினால் சாதாரண மைக் எரிந்துபோகும் என்று நண்பர் யாராவது பயமுறுத்தியிருப்பார். கடைக்காரர் சொன்னது சரி. நண்பர் சொன்னது பெரும்பாலும் தவறு. ஆனால் எந்தச் சந்தர்ப்பத்தில் அதுவும் உண்மையாகிவிடும் என்பது தெரிய வேண்டுமானால், சுற்றைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

பெரிய சுற்று ஒன்றும் இல்லை. இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர், நான்கைந்து டையோடுகள், 48 வோல்ட் தரும் ஒரு மூலம். ஓம் விதி நினைவிருந்தால் போதும். ஒரு மல்டிமீட்டரும், மைக்கை இணைக்கும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிள் ஒன்றும், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் கையில் இருந்தால், படித்ததை உடனே சோதித்தும் பார்க்கலாம்.

முதல் படி: கேபிளில் என்ன ஓடுகிறது

எக்ஸ்எல்ஆர் பிளக்கின் முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று முனைகளுக்கும் அருகில் 1, 2, 3 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 1ஆம் முனை கேபிளைச் சுற்றியுள்ள ஷீல்டு, அதாவது கிரவுண்டு. 2, 3 இரண்டும் சிக்னல் கம்பிகள். 2-இல் மின்னழுத்தம் ஏறும்போது 3-இல் அதே அளவு இறங்கும். மைக்கின் மெல்லிய சிக்னலை உயர்த்தும் சுற்றான ப்ரீஆம்ப், இந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பெருக்குகிறது. இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில், ஒரே திசையில் வந்து சேரும் எதையும், உதாரணமாகப் பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் உறுமலை, அது கண்டுகொள்வதில்லை. வித்தியாசம் பூஜ்யம் அல்லவா?

ஃபேண்டம் பவர் இந்த ஏற்பாட்டைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. 2ஆம் முனைக்கு 48 வோல்ட், 3ஆம் முனைக்கும் 48 வோல்ட். மின்னோட்டம் திரும்பி வரும் வழி 1ஆம் முனை. சிக்னல் கம்பிகளுக்கு இடையே வித்தியாசம் இல்லாததால் ப்ரீஆம்புக்கு அந்த 48 வோல்ட் தெரியாது. கம்பிச் சுருளும் காந்தமும் கொண்ட, மின்சாரமே வேண்டாத சாதாரண டைனமிக் மைக்குக்கும் தெரியாது. அதன் சுருளின் ஒரு முனையில் 48, மறுமுனையிலும் 48; மின்னோட்டம் ஓடக் காரணமே இல்லை. நண்பரின் எச்சரிக்கை பெரும்பாலும் பொய்த்துப்போவது இதனால்தான்.

இதற்கு நேர்மாறான முறை ஒன்றும் ஒருகாலத்தில் இருந்தது. டி-பவர் என்பார்கள்; சினிமா ஒலிப்பதிவுக்கான பழைய மைக்குகள் பல அதில்தான் ஓடின. அதில் 12 வோல்ட் 2-க்கும் 3-க்கும் நடுவிலேயே இருக்கும், ஒவ்வொரு பக்கமும் 180 ஓம் ரெசிஸ்டர் வழியாக. 200 ஓம் டைனமிக் மைக்கை அதில் செருகினால் சுருளுக்குள் சுமார் 21 மில்லிஆம்பியர் நேராகப் பாயும். மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்குதான், ஆபத்து பல மடங்கு. ஆகவே 48 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு கம்பிகளிலும் அது சமமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தச் சுற்றில் உள்ள எல்லா பாகங்களும் அந்தச் சமநிலையைக் காப்பதற்காகவோ, அது குலையும்போது அடியைத் தாங்குவதற்காகவோ வைக்கப்பட்டவை.

இதிலிருந்து கைமேல் பலன் ஒன்று. ஒரு கேபிள் டைனமிக் மைக்கில் நன்றாகப் பாடுகிறது, கண்டென்சரில் மட்டும் மௌனம் சாதிக்கிறது என்றால், மைக்கைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தக் கேபிளின் 1ஆம் முனையைப் பாருங்கள். ஷீல்டு அறுந்திருந்தாலும் டைனமிக் மைக் 2, 3 கம்பிகளை வைத்துச் சமாளித்துவிடும், சற்று உறுமலோடு. கண்டென்சருக்கோ மின்னோட்டம் திரும்பும் வழியே அடைபட்டுப்போகிறது. பிளக்கைத் திறந்தால் ஷீல்டின் சால்டர் விட்டு, கம்பி தொட்டும் தொடாமலும் நிற்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

இரண்டாம் படி: 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டு

48 வோல்ட்டை நேராக 2, 3 முனைகளில் இணைக்க முடியாது. இணைத்தால் இரண்டு சிக்னல் கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டி, சிக்னல் செத்துப்போகும். எனவே ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ரெசிஸ்டர். ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் 61938 தரத்தின்படி மதிப்பு 6.8 கிலோ ஓம். மின்னழுத்தம் 48 வோல்ட், 4 வோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒரு மைக் அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர் எடுக்கலாம். 12 வோல்ட்டுக்கு 680 ஓம், 24 வோல்ட்டுக்கு 1.2 கிலோ ஓம் என்ற வகைகளும் அதே தரத்தில் உண்டு. இன்று கடையில் வாங்கும் கருவிகளில் 48-தான் ராஜா.

ஏன் 48? இந்த எண் ஒலியியல் கணக்கு எதிலிருந்தும் பிறக்கவில்லை. 1966-இல் ஜெர்மனியின் நோய்மன் மைக் நிறுவனம் தன் டிரான்சிஸ்டர் மைக்கை நோர்வேயின் ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கேயிடம் கொண்டுபோனது. குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் அரிதான அந்த நாட்டில், என்ஆர்கேயின் ஸ்டூடியோக்களில் துணை விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே மையமாக ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் தந்துவிடலாமே என்று முடிவாயிற்று. அப்படி வந்த கேஎம் 84 வகையோடு 48 வோல்ட் நிலைபெற்றுவிட்டது. வீட்டு மேசையில் இருக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் ஐந்து வோல்ட்டைச் சிரமப்பட்டு 48 ஆக உயர்த்துகிறது என்றால், ஆஸ்லோவின் விளக்குகளும் அதற்கு ஒரு காரணம்.

இனி கணக்கு. மைக் எடுக்கும் மின்னோட்டம் இரண்டு ரெசிஸ்டர்களிலும் பாதி பாதியாகப் பிரியும். நோய்மன் கேஎம் 184 எடுப்பது 3.2 மில்லிஆம்பியர். ஒரு பக்கத்துக்கு 1.6. அதை 6.8 கிலோ ஓமால் பெருக்கினால் 10.9 வோல்ட். ஆக, மைக்கின் வாயில் கிடைப்பது 48 அல்ல, சுமார் 37 வோல்ட். 0.8 மில்லிஆம்பியர் மட்டும் எடுக்கும் யு 87 ஏஐ போன்ற மைக்குக்கு 45 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். முழு 10 மில்லிஆம்பியரும் குடிக்கும் மைக்குக்கு மிஞ்சுவது வெறும் 14 வோல்ட். மைக் வடிவமைப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் செய்கிறார்கள். மைக் இணைந்திருக்கும்போது 37 வோல்ட்தான் காட்டுகிறது, கருவி பழுது என்று பதறுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

ரெசிஸ்டரின் மதிப்பு 6.8 ஆக இருந்தாலும் 6.81 ஆக இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டும் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் பெரிய விஷயம். தரம் அனுமதிக்கும் வேறுபாடு 0.4 சதவீதம், அதாவது 27 ஓம். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களில் பத்து வாங்கி, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, நெருக்கமான இரண்டைச் சேர்த்துவிடுங்கள். மீட்டர் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அது தவறாகக் காட்டினாலும் எல்லா ரெசிஸ்டருக்கும் ஒரே தவறைத்தான் காட்டும். ஜோடி பொருந்தாவிட்டால் என்ன கெடும்? 48 வோல்ட் மூலத்தில் உள்ள இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் சமமாக வராது. வித்தியாசமாக வரும் அந்தச் சிறு பகுதியை ப்ரீஆம்ப் சிக்னல் என்று நம்பி ஆயிரம் மடங்கு பெருக்கிக் கொடுக்கும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். கேபிளில் ஷார்ட் ஏற்பட்டால் ஒரு ரெசிஸ்டரின் மேல் முழு 48 வோல்ட்டும் நிற்கும். 48-ஐ 48-ஆல் பெருக்கி 6800-ஆல் வகுத்தால் 0.34 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போட்டிருந்தால் அது மெல்ல வெந்து, மதிப்பு மாறி, ஜோடிப் பொருத்தம் போய்விடும். அரை வாட் போடுங்கள். விலை வித்தியாசம் சில்லறைக் காசு.

மூன்றாம் படி: 48 வோல்ட்டைத் தடுத்து நிறுத்தும் கெபாசிட்டர்கள்

ப்ரீஆம்பின் இதயம் இன்று பெரும்பாலும் ஒரு ஐசி, அதாவது பல டிரான்சிஸ்டர்கள் அடங்கிய சில்லு. ஐஎன்ஏ 217, தேட் 1510 போன்றவை சொந்தமாகச் செய்கிறவர்களிடையே பிரபலம். இவை பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட்டில் ஓடுபவை. 48 வோல்ட் நேராகத் தொட்டால் உயிரோடு இருக்காது. ஆகவே ஒவ்வொரு கம்பியிலும் ஒரு எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் காவல் நிற்கிறது. நிலையான 48 வோல்ட்டைத் தடுத்து, அசையும் சிக்னலை மட்டும் உள்ளே விடும்.

வழக்கமான மதிப்பு 22 முதல் 47 மைக்ரோஃபாரட். 63 வோல்ட் தாங்குவதாக வாங்க வேண்டும். 48 தானே, 50 வோல்ட் போதாதா என்று கேட்பவர்கள், தரம் 52 வரை அனுமதிப்பதை மறந்துவிடுகிறார்கள். பிளஸ் முனை மைக் பக்கம், மைனஸ் முனை ஐசி பக்கம். திருப்பிப் போட்டால் கெபாசிட்டர் கசியும், வீங்கும், கடைசியில் வெடிக்கவும் செய்யும்.

கெபாசிட்டருக்கு அடுத்து, ஐசியின் ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். 2.2 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். 47 மைக்ரோஃபாரடும் 2.2 கிலோ ஓமும் சேர்ந்து, சுமார் 1.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும். மனிதக் காது 20 ஹெர்ட்ஸில் தொடங்கும்போது இவ்வளவு கீழே ஏன் போக வேண்டும்? பத்தில் ஒரு பங்கான 4.7 மைக்ரோஃபாரட் போட்டாலும் வெட்டு 15 ஹெர்ட்ஸில்தானே விழுகிறது, பணமும் இடமும் மிச்சமாகுமே என்று தோன்றும்.

விடை மறுபடியும் சமநிலையில் இருக்கிறது. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் மதிப்பு 20 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும். ரெசிஸ்டரைப் போலத் துல்லியமான ஜோடி கிடைக்காது; கிடைத்தாலும் வயதாக ஆக விலகிப்போகும். 50 ஹெர்ட்ஸில் 47 மைக்ரோஃபாரடின் எதிர்ப்பு சுமார் 68 ஓம். அதில் 20 சதவீத வேறுபாடு 13 ஓமைத் தாண்டினால் அதிசயம். 2200 ஓமுக்கு முன்னால் அது தூசு. 4.7 மைக்ரோஃபாரடுக்கு எதிர்ப்பு 680 ஓமை நெருங்கும்; வேறுபாடு 135 ஓம் ஆகிவிடும். இரண்டு கம்பிகளும் அந்த அளவுக்கு ஏறுமாறாக இருந்தால், கழிந்துபோக வேண்டிய மின்கம்பி உறுமல் முழுதாகக் கழியாமல் ஒரு பகுதி உள்ளே வரும். விலை மலிந்த ப்ரீஆம்பைத் திறந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முதலில் இந்த இரண்டு கெபாசிட்டர்களைத்தான் தேடுவேன். செலவைக் குறைக்க விரும்பும் வடிவமைப்பாளரின் கை முதலில் நீளும் இடம் இது.

டிரான்ஸ்பார்மர் வைத்த ப்ரீஆம்புகளில் இந்தக் கெபாசிட்டர்களே கிடையாது. நிலையான மின்னழுத்தம் டிரான்ஸ்பார்மரைத் தாண்டாது என்பதால் வேலை சுலபம். ஆனால் 6.8 கிலோ ஓம் ஜோடி பொருந்தாவிட்டால் முதன்மைச் சுருளில் நிலையான மின்னோட்டம் ஓடி இரும்புக் கருவைக் காந்தமாக்கிவிடும். தாழ்ந்த ஸ்வரங்களில் ஒலி சிதையும்.

நான்காம் படி: ஷார்ட் ஆகும் அந்த நொடி

சுற்றுப் படத்தில் புதியவர்கள் கண்டும் காணாமல் போகிற இடம் இது. உள்ளீட்டில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், ஐசியை ஓட்டும் பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் மின்வழிகள் இரண்டுக்கும் போகும் டையோடுகளும் இருக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை இவற்றுக்கு வேலையே இல்லை.

இப்படி நினைத்துப் பாருங்கள். 48 வோல்ட் இயக்கத்தில் இருக்கிறது. கெபாசிட்டரின் மைக் பக்கத்தில் 48, ஐசி பக்கத்தில் 0. யாரோ பழுதான கேபிளைச் செருகுகிறார்கள். 2ஆம் முனை கிரவுண்டைத் தொட்டுவிடுகிறது. கெபாசிட்டர் தன்மேல் உள்ள 48 வோல்ட்டை நொடியில் விட்டுவிடாது. அதன் ஒரு பக்கம் 48-இலிருந்து 0-க்கு இறங்கினால், மறுபக்கம் 0-இலிருந்து மைனஸ் 48-க்கு இறங்கப் பார்க்கும். மைனஸ் 15-ஐத் தாண்டியதும் டையோடு கடத்தத் தொடங்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் 32 வோல்ட். அதை 10 ஓம் ரெசிஸ்டர் தாங்க வேண்டும். ஓம் விதிப்படி 3.2 ஆம்பியர்.

மைக் சுற்றில், மில்லிஆம்பியர் உலகத்தில், 3 ஆம்பியர்! 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் தடுக்கிறதே, 7 மில்லிஆம்பியருக்கு மேல் எப்படி ஓடும் என்று கேட்கலாம். அந்த 7 மில்லிஆம்பியர் 48 வோல்ட் மூலத்திலிருந்து வருவது. இந்த 3 ஆம்பியரோ, கெபாசிட்டரில் ஏற்கெனவே சேர்ந்திருந்த மின்னூட்டம், 6.8 கிலோ ஓமின் கட்டுப்பாடு அதற்கு இல்லை. அரை மில்லிநொடி அளவில் தணிந்துவிடும், ஆனாலும் ஐசியின் உள்ளே இருக்கும் மெல்லிய டிரான்சிஸ்டர்களுக்கு அதுவே யதேஷ்டம். தேட் நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்தப் பழுதை ஆராய்ந்து 2001-இல் ஆடியோ பொறியியல் சங்க மாநாட்டில் கட்டுரை படித்தார்கள். காரணம் தெரியாமல் செத்துப்போன பல ப்ரீஆம்புகளின் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே இந்த இடத்தில் 1என்4148 போன்ற சிறு டையோடு போதாது. 1என்4004 திடீரென்று வரும் 30 ஆம்பியரைத் தாங்கும். விலையும் ஏறக்குறைய அதேதான். டையோடு தள்ளும் மின்னோட்டம் 15 வோல்ட் மின்வழிக்குள் பாய்வதால், அங்கேயும் பக்கத்திலேயே நல்ல அளவில் ஒரு கெபாசிட்டர் இருக்க வேண்டும். 10 ஓமை 100 ஓம் ஆக்கினால் இன்னும் பத்திரம்தானே என்றால், பத்திரம்தான், ஆனால் ரெசிஸ்டர் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். 200 ஓம் மைக்குக்கு முன்னால் பக்கத்துக்கு 100 ஓம் என்றால் இரண்டும் சேர்ந்து இன்னொரு 200 ஓம். மெல்லிய குரலைப் பதிவு செய்கிறவர்களுக்கு அது காதில் விழும். 10 ஓமோடு நிற்பதே நல்ல சமரசம்.

ஐந்தாம் படி: அந்த 48 வோல்ட் எங்கிருந்து வருகிறது

மின்சாரத்தில் ஓடும் பெரிய மிக்ஸரில் டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் மாறுமின்னழுத்தத்தைப் பெருக்கி, நேராக்கி, ரெகுலேட்டர் வழியாக 48 ஆக்குவார்கள். 125 வோல்ட் வரை தாங்கும் டிஎல் 783 ரெகுலேட்டர் இதற்கு வாகானது. யுஎஸ்பியில் ஓடும் சிறு கருவியில் ஐந்து வோல்ட்டை ஒரு சுவிட்சிங் சுற்று 48 ஆக உயர்த்தும்.

ஐந்து வோல்ட்டிலிருந்து எடுப்பதற்கு விலை உண்டு. 48 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் என்பது கிட்டத்தட்ட அரை வாட். மாற்றுச் சுற்றின் திறன் 80 சதவீதம் என்றால் யுஎஸ்பியிலிருந்து 120 மில்லிஆம்பியர் இழுக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 தருவது மொத்தம் 500. இரண்டு மைக்குகளும் பசியுள்ளவையாக இருந்தால் பாதி அங்கேயே போய்விடும். மடிக்கணினியின் பக்கவாட்டில் தொங்கும் மலிவான யுஎஸ்பி ஹப்பில் செருகினால் மைக் உளறுவது, பின்பக்க போர்ட்டில் செருகினால் சரியாவது, எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

மூலத்திலிருந்து வருவது எதுவானாலும், ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக 100 ஓமும் 100 மைக்ரோஃபாரடும் சேர்ந்த ஒரு வடிகட்டி இருப்பது நல்லது. மூலத்தின் இரைச்சலைக் குறைக்கும். ஒரு சேனலின் சிக்னல் 48 வோல்ட் வழியாக அடுத்த சேனலுக்குள் கசிவதையும் தடுக்கும். 10 மில்லிஆம்பியரில் அது விழுங்குவது ஒரு வோல்ட்தான்.

சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. சுவிட்சு 48 வோல்ட்டை வெறுமனே துண்டிப்பதாக மட்டும் இருந்தால், மைக் இல்லாதபோது கெபாசிட்டர்களில் சேர்ந்த மின்னூட்டம் போக வழியின்றி அப்படியே நிற்கும். விளக்கு அணைந்திருக்கும், முனையில் மின்னழுத்தம் இருக்கும். 48 வோல்ட் வழியிலிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம் போல ஒரு ரெசிஸ்டர் இருந்தால் அது மெல்ல வடிந்துவிடும். சொந்தமாகச் செய்கிறவர்கள் மறக்காமல் போட வேண்டியது.

ஆறாம் படி: மல்டிமீட்டரை எடுங்கள்

ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் அணைத்துவிடுங்கள். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ் அடிமட்டத்தில். கேபிளை ப்ரீஆம்பில் செருகி மறுமுனையைக் கையில் எடுங்கள், மைக் வேண்டாம். 48 வோல்ட்டை இயக்குங்கள். மீட்டரில் 200 வோல்ட் டிசி.

1-க்கும் 2-க்கும் இடையே 44 முதல் 52-க்குள் ஓர் எண் வர வேண்டும். 1-க்கும் 3-க்கும் இடையே அதே எண். அடுத்து மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி 2-க்கும் 3-க்கும் இடையே வையுங்கள். பூஜ்யத்துக்கு அருகில், சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பல நூறு மில்லிவோல்ட் காட்டினால், ஒரு பக்கத்துக் கெபாசிட்டர் கசிகிறது என்று சந்தேகப்படலாம். 100 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே 6.8 கிலோ ஓமில் 0.68 வோல்ட் விழும். கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் கேட்கிற பழைய மிக்ஸர்களில் இந்தச் சோதனை பல நேரம் கையும் களவுமாகக் காட்டிக்கொடுக்கும்.

சுமை இல்லாமல் 48 காட்டுவது பாதி உண்மை. மைக் இழுக்கும்போதும் அது நிற்கிறதா? 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 1-க்கும் 2-க்கும் நடுவே பிடித்து, அதன் மேல் அளவெடுங்கள். 48-ஐ 10 : 6.8 என்று பங்கிட்டால் 28.6 வோல்ட் வர வேண்டும். அதே ரெசிஸ்டரை 3-க்கு மாற்றுங்கள். கடைசி இலக்கம் வரை அதே எண் வர வேண்டும். இரண்டும் அரை வோல்ட் விலகினால் ரெசிஸ்டர் ஜோடியில் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. இரண்டுமே சமமாக 22, 23 என்று படுத்துவிட்டால் மூலத்துக்குத் தெம்பில்லை.

மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து 1-யும் 2-யும் நேராக இணைத்து 7 மில்லிஆம்பியர் வருகிறதா பார் என்று சிலர் சொல்லித்தருவார்கள். செய்யாதீர்கள். அது ஷார்ட். நான்காம் படியில் பார்த்த 3 ஆம்பியரை உங்கள் கையாலேயே வரவழைப்பது. பாதுகாப்பு டையோடு இருக்கும் கருவி தப்பிக்கும். இல்லாததை நீங்களே கொன்றுவிட்டுச் சோதனை முடிந்தது என்பீர்கள். 10 கிலோ ஓம் வழியாக அளந்தால் அதே தகவல் 5 மில்லிஆம்பியருக்குள் பத்திரமாகக் கிடைக்கிறது.

எந்த மைக்குக்கு என்ன

டைனமிக் மைக், நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள்: பொத்தான் எப்படி இருந்தாலும் கவலையில்லை. அதே டைனமிக் மைக்கை, ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆரும் மறுபக்கம் இரண்டே தொடுப்புள்ள பழைய ஃபோன் பிளக்கும் சேர்ந்த கேபிள், அதன்மேல் மாற்று இணைப்பான் என்று ஒட்டுப்போட்டு எக்ஸ்எல்ஆர் வாயில் செருகினால், கதை வேறு. இத்தகைய கேபிள்களில் 3ஆம் முனை கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். சமநிலை போயிற்று. சுருளில் 7 மில்லிஆம்பியர் ஓடும், சவ்வு ஒரு பக்கமாக இழுபட்டு ஒலி மெலிந்து கேட்கும். மைக் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ரிப்பன் மைக்குக்கு அந்தத் தைரியம் கூடாது. அதன் உள்ளே இருப்பது சில மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள அலுமினியப் பட்டை. சரியான கேபிளில் அதுவும் பத்திரம்தான். ஆனால் கேபிளில் ஒரு கம்பி ஷார்ட் ஆகிப் பொத்தான் அழுத்தப்பட்ட அந்தக் கணத்தில் டிரான்ஸ்பார்மர் வழியாக ஒரு துடிப்பு போய்ப் பட்டையை நீட்டிவிடும். ஸ்டூடியோக்களில் இணைப்புகளை மாற்றி மாற்றிச் செருகும் பேட்ச் பே பலகையில் 48 வோல்ட்டோடு பிளக்கைச் செருகுவதும் இதே விபத்துதான். செருகும்போது முனைகள் ஒரு நொடி தாறுமாறாகத் தொட்டுக்கொள்ளும். ரிப்பன் மைக் இணைக்கும்போது 48-ஐ அணைத்து வையுங்கள். மெல்லிய சிக்னலைத் தூக்கிக்கொடுக்கும் கிளவுட்லிஃப்டர் போன்ற பெட்டி நடுவில் இருந்தால் 48 வேண்டும். அது பெட்டிக்கு மட்டும் போகும், மைக்கைத் தொடாது.

காலரில் குத்தும் சின்ன மைக்குகள், கேமராவின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகுபவை, வேறு ஜாதி. அவற்றுக்கு வேண்டியது சில வோல்ட் மட்டும், அதுவும் ஒரே கம்பியில். உருவம் மாற்றும் சாதாரண இணைப்பான் போட்டு 48-ஐக் காட்டினால் உள்ளே உள்ள டிரான்சிஸ்டர் போய்விடும். 48-ஐக் குறைத்துக் கொடுக்கும் இணைப்பான் என்று கேட்டு வாங்க வேண்டும். உறையில் அப்படி எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கண்டென்சர் மைக்கில் எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று குறிப்பேட்டில் பாருங்கள். ஷூர் எஸ்எம் 81 போல 12 முதல் 48 வரை எதிலும் ஓடுபவை உண்டு. 48 மட்டும் என்று அடம்பிடிப்பவையும் உண்டு. பிந்தையதை 15 வோல்ட் மட்டும் தரும் மலிவு மிக்ஸரில் போட்டால் ஒலி வரும், ஆனால் உரத்த குரலில் உடையும், இரைச்சலும் கூடும். மைக் நல்லதில்லை என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

இயக்கும் வரிசை: முதலில் கேபிளையும் மைக்கையும் இணையுங்கள். ஸ்பீக்கரை மௌனமாக்குங்கள். பிறகு 48. கெபாசிட்டர்கள் நிரம்ப இரண்டு நொடி போதும். அந்த நேரத்தில் கேட்கும் ‘தொம்’ என்ற சத்தம் இயல்பானது. மைக் தன்னுள் நிதானத்துக்கு வர இன்னும் சில நொடிகள் கொடுத்துவிட்டுக் குமிழை ஏற்றுங்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ்: குமிழை இறக்கி, 48-ஐ அணைத்து, அரை நிமிடம் பொறுத்துக் கேபிளை உருவுங்கள். அந்த அரை நிமிடம் கூட இல்லாத அவசரக்காரர் மேடையில் இருந்தால், 48 வோல்ட் ஓடும் கேபிள்களில் சிவப்பு டேப் ஒன்றைச் சுற்றி வைத்துவிடுங்கள்.